அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை

பல் டாக்டரின் பிரசவ விடுப்பு முடிய இன்னும் பதினாறே நாட்கள் இருந்தபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் படலம் ஆரம்பமானது. படலம் என்றுதான் சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு தேடிய காலத்தில்கூட அவளும் அவள் கணவனும் இவ்வளவு அலைந்ததில்லை. அப்படித் தேடிக் கிடைத்த வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு சின்னக் கூடம், ஃபிரிட்ஜைத் திறந்தால் அடுப்புப் பக்கம் போக முடியாத ஒரு சமையலறை. அதற்கே ஒருவர் சம்பளம் அப்படியே வாடகைக்குப் போனது. கணவன் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். “இந்த ஊர்ல நான் ஏறாத மாடி கிடையாது. குடியிருக்கத்தான் ஒண்ணும் கிடைக்கல” என்பான்.

குழந்தைக்கு எட்டு மாதம். வீட்டில் அதற்கு உருண்டை என்று பெயர். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏஜென்சிக்காரர் முதலில் அனுப்பிய பெண்மணி, உருண்டையைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “நான் மதியம் ஓய்வெடுக்க ஜன்னல் வெச்ச ரூம் எது?” என்று கேட்டார்.

“அந்த ஒரே ஜன்னலுக்கு நாங்களே முறை வெச்சுத்தான் போறோம்” என்றான் கணவன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்.

இரண்டாவதாக வந்தவர் குழந்தை வளர்ப்பில் பட்டயம் வாங்கியவர். பேச்சும் அருமை, பொறுமையும் அருமை. டாக்டருக்கு ரொம்பவே பிடித்துப்போய், என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவர் போன பிறகு கணவன், “அந்தப் பட்டயம் எங்க குடுக்கறாங்கன்னு கேட்டிருக்கணும். நாளைக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்” என்றான். அடுத்து வந்த கல்லூரிப் பெண் உருண்டையோடு பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அதற்கடுத்து ஒரு அம்மாள் ஏழு பக்க நிபந்தனைத் தாளோடு வந்தார். நான்காம் பக்கத்தில் அழுகை பற்றித் தனிப் பிரிவே இருந்தது. ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற ஐந்தாவது ஆள் ஏஜென்சி மூலமாக வரவில்லை. கீழ்த்தளத்து மருந்துக்கடையில் இருந்த பெண் சொல்லி வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. உள்ளே வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். “பக்கிள் குழந்தைக்கு உராயும்” என்றார், யாரும் கேட்காமலே. உருண்டை அவருடைய மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அவர் இழுக்கவிட்டார்.

“பசிச்சா எப்படி அழும்?” என்று கேட்டார்.

“எல்லாத்துக்கும் ஒரே அழுகைதான்” என்றான் கணவன்.

“இல்ல, பசிச்சா முதல்ல உதட்டைப் பிதுக்கும்” என்றாள் டாக்டர்.

“சரி, தூக்கம் வந்தா?”

“எங்களுக்குத்தான் முதல்ல தூக்கம் வந்துடும்” என்றான் கணவன்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே உருண்டை அவர் தோளில் தூங்கிப்போனது. இரண்டு மணி நேரம் இருந்தார். இப்போது வேலை செய்யும் வீட்டில் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதாம். முழு நாளும் இனித் தேவைப்படாதாம். “நாலு வருஷமா அங்கதான் இருக்கேன். அந்தம்மா நம்பர் தரேன், என்னைப் பத்திக் கேட்டுக்கங்க. நான் சொல்றதைவிட அவங்க நல்லாச் சொல்வாங்க” என்றார்.

அவர் படியிறங்கியதுமே டாக்டர் அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். கணவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஓ, அவங்களா?” என்றது மறுமுனை. நல்ல கணீரென்ற குரல். பிறகு ஒரு நீளமான பெருமூச்சு. “எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நல்லவங்கதான். மனசுல ஒண்ணும் கிடையாது. ஆனா...”

“ஆனா?”

“பதினோரு மணியானா தூங்கிடுவாங்க. குழந்தை கத்தினாக்கூடத் தெரியாது. காலையில என்னைக்கு வருவாங்க, எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது. போன மாசம் பார்க்குல குழந்தையை விட்டுட்டுப் பையை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. நீங்க சின்னக் குழந்தை வெச்சிருக்கீங்க. ஒரு அம்மாவா உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

போனை வைத்த பிறகும் டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு குழந்தையை விட்டுவிட்டு வருகிற ஆளா அவர்? ஆனால் நாலு வருஷம் கூடவே இருந்து பார்த்தவள் சொல்கிறாள். தெரிந்தே ரிஸ்க் எடுக்க முடியுமா?

“நமக்கு எதுக்கு வம்பு?” என்றான் கணவன். அவன் முகமும் தொங்கிப்போயிருந்தது.

‘வேற ஆள் கிடைச்சுட்டாங்க அக்கா, மன்னிச்சுக்கங்க’ என்று செய்தி அனுப்பினாள். அப்படி யாரும் கிடைத்திருக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘சந்தோஷம் டாக்டர். குழந்தைக்கு மேல் ஈறு வீங்கியிருக்கு. பல் ரெண்டும் சேர்ந்து வரும்போல. கொஞ்சம் படுத்தும், பார்த்துக்கங்க.’

டாக்டர் உடனே விரலைக் கழுவிக்கொண்டு வந்து உருண்டையின் வாய்க்குள் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. “பல் டாக்டர் நானா அவங்களா?” என்றாள், கொஞ்சம் சூடாகவே.

நான்காம் நாள், கீழே ஏற்கெனவே இருந்த இரண்டோடு மேலேயும் இரண்டு பல் சேர்ந்து வந்தன. “டாக்டரே, உங்க பேஷன்ட் ஒருத்தரை நீங்க சரியாக் கவனிக்கல போலிருக்கே” என்றான் கணவன். அவள் அன்றைக்கு முழுவதும் அவனோடு பேசவில்லை.

வேறு வழியில்லாமல் ஏழு பக்க அம்மாளைக் கூப்பிட்டார்கள். பல் முளைக்கிற குழந்தை சும்மா இருக்குமா? இரண்டாம் நாள் மதியம் அவர் நான்காம் பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, ‘தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல்’ என்ற வரியின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கணவன் ஒரு வாரம் லீவு போட்டான். அந்த வாரம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனிலேயே சக மெக்கானிக்குக்கு எந்தக் கம்பியை எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். நடுவில் உருண்டை போனைப் பிடுங்கி ஏதோ சொன்னது. “அதை மட்டும் செஞ்சிடாதீங்க!” என்று அவன் கத்தியது மாடிப்படி வரை கேட்டது.

அதே வாரம், டாக்டர் கிளினிக்குக்குத் திரும்பிய நான்காம் நாள் அது. காலை பதினொன்றுக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பதுக்குள் இருக்கும். தொழில் என்ற இடத்தில் வக்கீல் என்று எழுதியிருந்தாள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பழைய அடைப்பு உடைந்துபோயிருந்தது. “முக்கியமான கேஸ் ஒண்ணு நடந்துக்கிட்டிருக்கு டாக்டர். பல்லைக் கடிச்சுக் கடிச்சே உடைச்சிட்டேன்” என்றாள். கணீரென்ற குரல். எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று டாக்டருக்குத் தோன்றியது. டிவி விவாதங்களில் பேசுகிறவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊசியைப் போட்டாள்.

மரத்துப்போகப் பத்து நிமிஷமாவது ஆகும். காத்திருக்கும்போது வக்கீலின் போன் அடித்தது. கன்னத்தில் வைத்துப் பேச முடியாததால் மடியில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“முடிஞ்சுதா?” என்றது ஒரு பெண் குரல். நிதானமான, தட்டிக்கொடுக்கிற மாதிரியான குரல். “பயப்படாம வாயை நல்லாத் தொறந்து காட்டுங்க. முடிஞ்சதும் ரெண்டு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் குடிச்சிடாதீங்க, நாக்கைக் கடிச்சுக்குவீங்க. பாப்பாவை நானே ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துடறேன். அவசரப்பட்டு ஓடி வர வேணாம்.”

“சரிக்கா” என்றாள் வக்கீல், சமர்த்தாக.

டாக்டரின் கையிலிருந்த, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி நழுவி டிரேயில் விழுந்தது. அந்தக் குரலை மறப்பாளா? ‘பசிச்சா எப்படி அழும்?’ என்று கேட்ட குரல் அல்லவா அது!

“வீட்ல யாரு?” என்று கேட்டாள், சாதாரணமாக.

“எங்க அக்கா. கூடப் பொறந்தவங்க இல்ல, குழந்தையைப் பாத்துக்கறவங்க.” வக்கீலின் நாக்கு லேசாகக் குழற ஆரம்பித்திருந்தது. “அவங்க இல்லன்னா எங்க வீடே நடக்காது டாக்டர். நாலு வருஷத்துல ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. தங்கம்.”

டாக்டர் முகக்கவசத்தை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

“பதினோரு மணியானா தூங்கிடுவாங்களோ?”

வக்கீல் தலையைத் திருப்பி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

“பையை எடுத்துக்கிட்டுக் குழந்தையை பார்க்குல விட்டுட்டு வந்துடுவாங்களோ?”

அந்த நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து ஓட முடியாது. காலை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி வைத்திருக்கும். வக்கீல் மேலே தொங்கிய விளக்கையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். “வன்னிச்சுடுங்க” என்றாள். கீழுதடு மரத்துவிட்டதால் ‘ம’ வரவில்லை.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“விட வனசு வரல.” அதற்கு மேல் கோர்வையாகப் பேச உதடு ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் பேசினாள். மகள் பள்ளிக்குப் போவதால் அரை நாள் ஆள் போதும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அரை நாள் சம்பளத்தில் இந்த ஊரில் யார் இருப்பார்கள்? அக்கா வேறு வேலை தேட ஆரம்பித்தார். யாராவது விசாரித்துப் போன் செய்தால், அக்கா கையைவிட்டுப் போய்விடுவார் என்று இவளுக்குப் பயம் வந்தது. முதல் தடவை பொய் வாய் தவறி வந்துவிட்டது. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

“இப்படி எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

வக்கீல் நாலு விரலைக் காட்டினாள்.

டாக்டருக்கு அதுவரை இருந்த கோபம் தன் வீட்டுக் கஷ்டத்துக்கான கோபம். நாலு விரலைப் பார்த்ததும் அது வேறு கோபமாக மாறியது. “நாலு வீட்ல வேணாம்னு சொன்னா அவங்க என்ன நெனச்சிருப்பாங்க? யோசிச்சீங்களா? வக்கீல்தானே நீங்க? கோர்ட்ல ஒருத்தர் இப்படிச் சொன்னா சும்மா விடுவீங்களா?”

வக்கீலின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. உதவிக்கு நின்ற நர்ஸ் பதறி, “வலிக்குதா மேடம்?” என்று கேட்டாள். வக்கீல் இல்லை என்று தலையாட்டினாள்.

டாக்டர் கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டாள். “வாயைத் தொறங்க. பல்லு என்ன பாவம் பண்ணுச்சு?” அடைப்பை வழக்கத்தைவிட நிதானமாகவே போட்டாள், கடித்துப் பார்க்கச் சொல்லி இரண்டு முறை தேய்த்துச் சரி செய்தாள். வக்கீல் எழுந்தபோது, “அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது” என்றாள். வக்கீல் தலையாட்டிவிட்டு, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு போனாள்.

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட கணவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். “நாலு பேரா?” என்றான். “நம்மளும் அந்த நாலுல ஒண்ணுதானே?”

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் அக்கா. அவருக்குப் பின்னால் வக்கீல். வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மகள். அந்தக் கூடத்தில் இருந்ததே இரண்டு நாற்காலி. ஒன்றில் அக்கா உட்கார்ந்தார். இன்னொன்றில் மடிக்காத துணிகள். வக்கீல் வேறு வழியில்லாமல் தரையில், உருண்டையின் விளையாட்டு விரிப்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கீழே ரப்பர் வாத்து ஒன்று கீச்சென்றது. யாரும் சிரிக்கவில்லை.

“ரெண்டு மாசமா நான் என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா?” என்றார் அக்கா. “வயசாயிடுச்சு, முகத்தைப் பார்த்ததுமே வேணாம்னு தோணுது போலன்னு நெனச்சேன். தலைக்குச் சாயம்கூட அடிச்சேன். எனக்கு அது ஒத்துக்காது. ஒரு வாரம் சொறிஞ்சுக்கிட்டே திரிஞ்சேன்.”

“அக்கா, அதான் மன்னிப்புக் கேட்டேனே...” என்றாள் வக்கீல். இப்போது ‘ம’ நன்றாகவே வந்தது.

“கேட்டீங்க. நான் இன்னும் குடுக்கல. குடுக்கறப்ப சொல்றேன்.”

கணவன் சத்தமில்லாமல் சமையலறைப் பக்கம் நகர்ந்தான். “தம்பி, நீங்களும் இருங்க” என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. அவன் துணிகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“டாக்டர், உங்களையும் கேக்கணும். ரெண்டு மணி நேரம் இதே இடத்துல இருந்தேன். உங்க குழந்தை என் தோள்ல தூங்குச்சு. நேர்ல பார்த்ததை நம்பாம, முகம் தெரியாத ஒருத்தங்க போன்ல சொன்னதை நம்பிட்டீங்களே? சரி, அதுகூடப் போகட்டும், சின்னக் குழந்தை விஷயம். என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்ல? ‘வேற ஆள் கிடைச்சுட்டாங்க’ன்னு ஒரு பொய் எதுக்கு?”

டாக்டருக்குக் கிளினிக்கில் தான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து காது சுட்டது. “தப்புதான் அக்கா” என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

இதற்குள் வக்கீலின் மகள் உருண்டையின் அருகே குப்புறப் படுத்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, இதுக்கு நாலே பல்லுதான்! மீதியெல்லாம் விழுந்துடுச்சா?” என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அக்கா ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருந்தார். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை உருண்டையைப் பார்த்துக்கொள்வார். மதியம் உருண்டையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளியிலிருந்து பெரியவளைக் கூட்டி வருவார். எல்லாம் வக்கீல் வீட்டில்தான். “இங்க குழந்தை ரெண்டு தடவை தவழ்ந்தா சுவர் வந்துடுது. அங்க அவ்வளவு பெரிய கூடம் சும்மா கிடக்கு.” அந்த வீடு கிளினிக்கிலிருந்து ஒரு பஸ் நிறுத்தம், டாக்டர் மதியம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். சம்பளத்தை இரண்டு வீடும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிறு முழுக்க அவருடையது. “அன்னைக்கு யாரும் போன் பண்ணக் கூடாது. பண்ணா எடுக்க மாட்டேன். எடுத்தா திட்டுவேன்.”

“வேற ஏதாவது?” என்று கேட்டாள் வக்கீல், தன் கட்சிக்காரரிடம் கேட்பதுபோல.

“இருக்கு. என்னைப் பத்தி ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே.”

வக்கீல் கைப்பையிலிருந்து தன் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, உருண்டையின் படப் புத்தகத்தை அடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். நிறைய எழுதினாள். எழுதி முடித்ததும் அக்கா படிக்கச் சொன்னார்.

“‘தாயினும் அன்பானவர்...’” என்று ஆரம்பித்தாள் வக்கீல்.

“அதை எடுத்துடுங்க. அதெல்லாம் எனக்கு வேணாம். நேரத்துக்கு வருவேன், சொல்லாம லீவு போட மாட்டேன், குழந்தையைப் பார்க்கத் தெரியும்னு போடுங்க. அதுதானே நிஜம்?”

வக்கீல் அடித்துவிட்டு எழுதினாள். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். அக்கா அதை வாங்கி இரண்டு தடவை படித்து, நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கே டாக்டரும் கணவனும் உருண்டையோடு வக்கீல் வீட்டு வாசலில் நின்றார்கள். வழியெல்லாம் டாக்டர் தன்னைத் தேற்றிக்கொண்டே வந்தாள்: முதல் நாள் அழத்தான் செய்யும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அக்கா கதவைத் திறந்து கையை நீட்டினார். உருண்டை ஒரே தாவாகத் தாவிப் போய், உள்ளே கிடந்த பெரிய கூடத்தைப் பார்த்துக் காலை உதைத்தது. அம்மா அப்பா இருக்கிறார்களா போய்விட்டார்களா என்று அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள்.

“அழுதா தாங்க முடியாதுன்னு பயந்துக்கிட்டே வந்தேன்ப்பா” என்றாள் டாக்டர். “அழலன்னா அதைவிடக் கஷ்டமா இருக்கு.”

“வேணும்னா திரும்பிப் போய் அழ வெச்சுட்டு வரட்டுமா?” என்றான்.

அவள் அவன் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நீளமான பெஞ்சு காலியாக இருந்தது. அவளுக்குக் கிளினிக் ஒன்பது மணிக்கு, அவனுக்கு வேலை ஒன்பதரைக்கு. எட்டு மாதத்தில் முதல் தடவையாக இருவர் கையிலும் எதுவும் இல்லை. பால் புட்டி இல்லை, டயப்பர் பை இல்லை, குழந்தையும் இல்லை. அவன் போன மாதம் பழுது பார்த்த ஒரு லிஃப்டைப் பற்றி ஆரம்பித்தான். நாற்பத்திரண்டாம் மாடியில் நின்றால் ஊர் எப்படித் தெரியும் தெரியுமா என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாதி வாக்கியத்தில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

அவளுடைய பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. டிரைவர் அவளைப் பார்த்தார். அவள் தோளை அசைக்காமல், ‘நீங்க போங்க’ என்று கையை மட்டும் ஆட்டினாள்.